வசந்தாவின் அப்பா பச்சமலை ஏறிய நாள்

இலை காயும் வாசனை உங்களுக்குத் தெரியுமா? மூடிய பெட்டிக்குள், மெதுவான சூட்டில், ஒரு கூடை இலை ஈரம் விட்டுக் காயும் வாசனை... கஷாயம் மாதிரியும் இருக்கும், வைக்கோல் மாதிரியும் இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், திருச்சி கன்டோன்மென்ட்டில் எங்கள் ஆபீஸ் முழுக்க அந்த வாசனைதான். வாடகை வீட்டின் கீழ்த்தளம். வாசலில் அரசாங்க போர்டு. காட்டு ஆராய்ச்சிக் குழு என்று பெரிதாக எழுதியிருக்கும். உள்ளே மூன்றே பேர். தலைமை நான். உதவிக்கு வசந்தா. ஜீப் ஓட்ட முசிறிக்காரர் செல்வராஜ்.

மழை மாறினால் காடு எப்படி மாறும்... அதுதான் எங்கள் கேள்வி. இன்று பள்ளிப் பிள்ளைகள்கூட கிளைமேட் சேஞ்ச் என்கிறார்கள். அன்று கே.கே. நகரில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் என் வேலையை விளக்கினேன். "குப்பை அள்ளவா கான்வென்ட் சிஸ்டருங்க உங்கள அவ்ளோ படிக்க வெச்சாங்க?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. பச்சமலையில் மரங்களுக்கு அடியில் வலை கட்டியிருந்தோம். அதில் விழும் இலைகளை மாதாமாதம் அள்ளி வந்து, காயவைத்து, எடை போடுவோம். எந்த மழைக்கு எந்த மரம் எப்போது உதிர்க்கிறது, எப்போது துளிர்க்கிறது என்று வருஷக்கணக்கில் பார்த்தால்தான் ஏதாவது புரியும்.

மலைக்குப் போகும் வழியில் ஸ்ரீரங்கத்தில் வசந்தாவை ஏற்றிக்கொள்வோம். சித்திரை வீதி முனையில் அவள் அப்பா துணைக்கு நிற்பார். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். நெற்றியில் திருமண், கையில் குடை. எங்களிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"வசந்தாவுக்கு நல்ல வரன் அமைஞ்சிருக்கும்மா. பெருமாள் அனுக்கிரஹம். ஆனா பொண்ணு ஜீப்ல காட்டுக்குப் போறதை அவா ஒத்துக்கல. வேலையை விட்டுடணும்கறா."

அந்தப் பக்கம் வசந்தா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப...

அவளைப் போல ஒருத்தி எனக்குக் கிடைக்க மாட்டாள். ஆனால் அவள் கல்யாணத்துக்குக் குறுக்கே நிற்க நான் யார்?

"உங்க பொண்ணு சார், நீங்க சொல்றதுதான். ஒரே ஒரு தடவை எங்களோட மலைக்கு வாங்க. அவ என்ன செய்யறான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றேன்.

வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். கூஜாவில் தண்ணீர், தூக்கில் தயிர்சாதம், அதே குடை. துறையூர் தாண்டி மண் பாதையில் ஜீப் ஆடிய ஆட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு "ரங்கா, ரங்கா" என்றபடியே வந்தார். செல்வராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினார்.

மேலே போனதும் வசந்தா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். வழியில் மலைக்காரப் பெண்கள் "வசந்தாம்மா, எப்ப வந்தீங்க?" என்று ஓடி வந்து பேசினார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் உள்ளே போய்விடும் பெண்... அப்பா அவளைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தார்.

அப்போதுதான் கோடை மழை பிடித்துக்கொண்டது. வலையிலிருந்த இலைகளைக் காற்று வாரி இறைத்தது. ஒரு மாத உழைப்பு! ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். அவர் கொஞ்ச நேரம் குடைக்குள் நின்றார். பிறகு குடையைக் கீழே வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நனைந்த இலைகளை நெஞ்சோடு அணைத்துச் சாக்கில் போட்டார்.

"அப்பா, வழுக்கும்... பாத்து!"

"நீ அந்த வலையைப் பாருடி!"

சொட்டச் சொட்ட ஜீப்பில் உட்கார்ந்த பிறகு மகளிடம் கேட்டார்: "இதெல்லாம் எப்போம்மா தெரியவரும்?"

"ரொம்ப வருஷம் ஆகும்ப்பா. நான் கிழவி ஆயிடுவேன்."

"அதுவரைக்கும் யாராவது பாத்துண்டே இருக்கணுமோல்லியோ?"

"ஆமாம்ப்பா."

ஸ்ரீரங்கத்தில் இறங்கியவர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஆபீசுக்கு வருவாம்மா. அனுப்பி வெக்கறேன்."

பிள்ளை வீட்டில் அவரே போய்ப் பேசினார். அந்தச் சம்பந்தம் முறிந்தது. வசந்தாவின் அம்மா பல நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். வசந்தா வீங்கிய கண்களோடு வந்தாள். "நல்லது நடந்ததா கெட்டது நடந்ததான்னே தெரியல மேடம்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் இலை நிறுத்தேன்... அவ்வளவுதான் முடிந்தது.

பிறகு தஞ்சாவூரிலிருந்து ஒரு லெக்சரர் பெண் பார்க்க வந்தார். வேலையைப் பற்றி அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "லீவு நாள்ல நானும் கூட வரலாமா?" இதை என்னிடம் சொல்லத்தான் வசந்தாவின் அப்பா மறுபடி ஆபீசுக்கு வந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சில வருஷங்களில் எனக்கு மாற்றல் வந்தது. குழுவை வசந்தா ஏற்றுக்கொண்டாள். அவள் அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. அவள் இப்போது பெங்களூரில், மகன் வீட்டில். முழங்கால் வலி, மாடிப்படியே ஏற முடியவில்லை.

போன மாதம் பச்சமலை போயிருந்தேன். தார் ரோடு. கார் வழுக்கிக்கொண்டு ஏறுகிறது. அன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்ற இடத்தில் வியர்த்துக் கொட்டியது. எங்கள் மரங்களில் சில இல்லை. இருப்பவை நன்றாகப் பெருத்திருக்கின்றன. இளம் பெண்கள் நாலைந்து பேர் ஏதோ கருவியை மரத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காக எந்தத் தெருமுனையிலும் யாரும் காத்திருக்கத் தேவையில்லை. பார்க்கவே சந்தோஷமாக இருந்தது...

செல்போனில் சிக்னல் இருந்தது. வசந்தாவைக் கூப்பிட்டு, எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "மேடம்... போனை மரத்துக்கிட்ட கொஞ்ச நாழி பிடிங்கோளேன்."

பிடித்தேன். நல்ல காற்று அடித்து, இலைகள் சலசலத்துக்கொண்டிருந்தன.