பெரிய கோயிலில் ஒரு ஷிஃப்ட்

ஓசூரில் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் அதில் முதல் ரகம். ஷிஃப்ட் முழுக்க மெஷின் முன்னால் நின்றே வேலை பார்க்கிற மனுஷன். பஸ் சீட்டோ கல்யாண மண்டப நாற்காலியோ, முதுகு சாய்ந்தால் போதும், கண் சொருகிவிடும். மகளுடைய நாட்டியம் ஒன்றைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை. பள்ளி ஆண்டு விழாவில் அவர் விட்ட குறட்டைக்கு முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவள் அப்பாவைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. கூப்பிடாததுதான் அவரைச் சுட்டது.

தஞ்சாவூர் பெரிய கோயிலில் நடக்கும் நாட்டிய விழாவில் மகளின் குழு ஆடப்போகிறது என்று தெரிந்ததும், யாரும் சொல்லாமலே லீவு போட்டார். மகள் டீச்சரோடு வேனில் முன்னாலேயே போய்விட்டாள். இவர் நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

அந்தக் கோயிலை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன். இரண்டு வாசல்களையும் தாண்டி உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்தேன். சாயங்கால வெயிலில் விமானம் முழுக்க வெல்ல நிறம். எங்கள் தெருவில் ஒரு மாடி எழும்புவதற்குள் சுவர் விரிசல் விட்டுவிடுகிறது. இங்கே இத்தனை உயரத்துக்குக் கல்லை ஏற்றிவிட்டு, அதில் சிற்பம் செதுக்கவும் அவர்களுக்குப் பொறுமை இருந்திருக்கிறது. இவர் கல்லும் கல்லும் சேருகிற இடத்தில் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கம்பெனியில் அவர் எதற்கும் அப்படித் தலையாட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை.

கூட்டம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தது. பக்கத்தில் இடம் போட்டுக் கூப்பிட்டேன்.

"உக்காந்தா தூங்கிடுவன். நீ உக்காரு, நான் நிக்கறன்" என்றார்.

யாருக்கும் மறைக்காமல் பின்னால் போய்ச் சுற்று மண்டபத்து விளக்கடியில் நின்றுகொண்டார். தூணில்கூடச் சாயவில்லை. ஒரு குழு போய் இன்னொரு குழு வந்தது. எங்கள் பெண்ணின் முறை வரவேயில்லை. யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், கும்பிட்டு அனுப்பிவிட்டார். காலை அகட்டி, கையைப் பின்னால் கட்டி, அசல் மெஷின் முன்னால் நிற்கிற நிற்பு. அவரை நான் கேலி செய்யாத நாளில்லை. அன்றைக்கு அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தே எனக்குக் கழுத்து வலித்தது.

கடைசியில் மகள் வந்தாள். விளக்கு வெளிச்சத்தில் விமானம் பின்னால் நிற்க, அவள் ஆடினாள். என் பெண்தானா என்றிருந்தது.

ஆடி முடித்துச் சலங்கையோடு இறங்கி வந்தவள், என்னைத் தாண்டி நேராக அவரிடம் போனாள்.

"மேலருந்து பாத்தா உக்காந்திருந்தவங்க மூஞ்சி ஒண்ணுமே தெரியல. நீ மட்டுந்தான் தெரிஞ்ச, அப்பா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். தூங்கிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால், அழுதுகொண்டிருந்தார்.