அருமைநாதனுக்கு முன்னால் ஓர் ஆள்

அருமைநாதனோடு ஐந்து நிமிடம் கதைத்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள் கட்டாயம் தெரிந்திருக்கும். ஒன்று, அவர் யாருடைய தயவும் இல்லாமல் தன்னந்தனியாகக் கனடாவுக்கு வந்த கதை. மற்றது அமெரிக்கக் கால்பந்தின் ஓட்டக்காரன் பாரி சாண்டர்ஸ்.

டவுன்டவுனில் ஒரு மதுச்சாலைச் சமையலறையில் கோழி பொரிப்பது அவர் வேலை. தட்டு நீட்டும் சன்னல் வழியே தெரிந்த தொலைக்காட்சியில்தான் அமெரிக்கக் கால்பந்தைப் பழகினார். பந்தை நெஞ்சோடு அணைத்தபடி மலைபோன்ற மனிதர்களுக்கு நடுவே ஒருவன் வளைந்து நெளிந்து ஓடும்போது, எண்ணெய் கருகுவதுகூட அவருக்குத் தெரியாது.

பக்கத்து அடுப்பில் நின்ற வின்சன்டுக்கோ அதே காலத்து இன்னோர் ஓட்டக்காரனான எமிட் ஸ்மித்தான் பெரியவன். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் தேநீரோடு தொடங்கிவிடுவார்கள்.

"எமிட்டுக்கு முன்னாலை மதில் மாதிரி ஆக்கள் நிண்டு வழி எடுத்துக் குடுத்தவங்கள். பாரிக்கு ஆர் இருந்தது? தனிய ஓடினவனடா அவன்!"

"ஒருத்தனும் தனிய ஓடேல்லை, அருமை. வழி எடுத்தவனை நீ பாக்கிறேல்லை, அவ்வளவுதான்."

2002 இலையுதிர் காலத்தில் பழைய வீரர் வால்ட்டர் பேட்டனின் மொத்த ஓட்டச் சாதனையை எமிட் தாண்டினான். வின்சன்ட் மண்டபத்துக்குக் கேக் கொண்டுவந்து எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்தார். அருமைநாதனுக்குப் பொறுக்கவில்லை.

"உன்னை இஞ்சை எடுத்தது உன்ரை அத்தான். வீடும் வேலையும் பாத்துத் தந்ததும் அவர்தான். முன்னுக்கு ஆள் நிக்க ஓடினவனுக்கு எமிட்டைத்தானே பிடிக்கும்!"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். வின்சன்ட் கேக் கத்தியை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார். பிறகு அவர் வேலை நேரத்தையும் மாற்றிக்கொண்டார், பூசை நேரத்தையும் மாற்றிக்கொண்டார்.

தை மாதத்தில் மெட்ரோ வாசலில் வழுக்கி விழுந்த அருமைநாதனின் மனைவி அக்னெஸுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"என்னை வேறை எங்கையும் விட்டிடாதேங்கோ. வீட்டை கொண்டு போங்கோ."

வீடு மேல்மாடியில். அதற்கு வீதியிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படி. படியேற்ற ஆளில்லாவிட்டால் பராமரிப்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"நான் ஒராள் காணும்," என்றார் அருமைநாதன்.

வீட்டுக்கு வந்த நாளில் மழை விழுந்தவுடனேயே உறைந்துகொண்டிருந்தது. டாக்ஸியிலிருந்து மனைவியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் படியில் கால் வைத்தார். கால் சறுக்கியது. கைப்பிடியில் தோள் மோதி, எப்படியோ நின்றுவிட்டார். அக்னெஸ் வலியில் அலறிய சத்தம் அவர் நெஞ்சைப் பிளந்தது. அவரைத் திரும்பவும் டாக்ஸிக்குள் இருத்தினார்.

அக்னெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வின்சன்ட் அண்ணை அடுத்த தெருவிலைதானே," என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கதவைத் தட்டியபோது தன் முகத்தை எங்கே வைப்பது என்று அருமைநாதனுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் ஒத்திகை பார்த்து வந்திருந்தார்.

"வின்சன்ட், எனக்கு முன்னுக்கு ஒராள் வேணும்."

வின்சன்ட் உள்ளே திரும்பினார். சப்பாத்தை மாட்டினார். உப்பு வாளியையும் மண்வாரியையும் எடுத்தார்.

இரும்புப் படியில் வின்சன்ட் முன்னால் ஏறினார். ஒவ்வொரு படியாகப் பனிக்கட்டியை உடைத்து, உப்புத் தூவி, காலால் அழுத்திப் பார்த்துத் தலையசைத்தார். அவர் அசைத்த பிறகே அருமைநாதன் அடுத்த அடி வைத்தார். நெஞ்சோடு அணைத்திருந்த அக்னெஸ் முணுமுணுத்தார்.

"கவனம், பந்தை விழுத்திப் போடாதேங்கோ."

மேலே வந்ததும் வின்சன்ட் மூச்சிரைக்கத் திரும்பினார்.

"இப்ப சொல்லு பாப்பம். ஆர் பெரியவன்?"

"பாரிதான்," என்றார் அருமைநாதன். அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அது மழை மட்டுமல்ல. "ஆனா அவனுக்கு முன்னாலை நீ நிண்டிருந்தா, எமிட்டின்ரை பேரை ஆரும் கேள்விப்பட்டே இருக்காயினம்."

"முதல்லை கதவைத் திறவுங்கோ, ரெண்டு பேரும்," என்றார் அக்னெஸ்.