திருநீற்றை அழித்துத் தொப்பி போட்ட கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருடம் தள்ளிப்போட்டேன். இருக்கன்குடி மாரியம்மன் மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன். சார்ஜாவில் எங்கள் அறையில் ஆறு பேர். எனக்கு மேல் கட்டிலில் பெஷாவர்க்காரர் ரஹ்மத் கான், லாரி டிரைவர். காலையில் நான் திருநீறு பூசும்போது மேலிருந்து கண்ணாடியைப் பிடிப்பவர் அவர்தான். கோணலாக இருந்தால் இந்தியில் திருத்துவார். ஊரில் என்னைக் கட்டியவள்கூட இதையெல்லாம் கவனித்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து கான் டிவியைப் போட்டார். இந்தி பேசுகிற தமிழ்ச் சண்டைப் படம். பெயர் ஓடும்போதே எந்தப் படம் என்று தெரிந்துவிட்டது. அதில் நானும் இருக்கிறேன்.

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் நான் மருந்து கலந்துகொண்டிருந்த காலம் அது. ஆனைக்குட்டம் அணைப் பக்கம் படம் எடுக்க வந்தார்கள். கதாநாயகன் வெள்ளை, வடக்கிலிருந்து வந்த கதாநாயகி அதைவிட வெள்ளை. கறுப்பாக, மீசையோடு யார் போனாலும் அடியாளாகப் பிடித்துப்போட்டார்கள். எங்கள் பக்கம் அதற்கா பஞ்சம்? மருந்து வேலை தெரியும் என்றதும் என்னைக் குண்டு செய்கிறவன் ஆக்கி, திருநீற்றைத் துடைக்கச் சொல்லி, தாடி ஒட்டித் தொப்பி மாட்டினார் உதவி இயக்குநர்.

"அண்ணே, எங்க ஊர்ல குண்டு வெடி சுத்துறது அம்புட்டுப் பேரும் திருநீறு பூசுன ஆளுகதான். பாய்மாருக டவுன்ல தாள் யாவாரம் பாக்குறாக" என்றேன்.

"அப்படிக் காட்டுனா ஜனங்க நம்பாதுங்க" என்றார்.

குடோனுக்குள் நுழையும் காட்சி. அடியாளாக வந்த எங்கள் கம்பெனி ஆட்கள் எட்டுப் பேருக்கும் பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். உள்ளே மருந்துப் பெட்டிகளைக் கண்டதும் எட்டுப் பேரும் வாசலிலேயே கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடு போனோம். உரசினால் பொறி பறக்கும் இடத்தில் செருப்போடு நுழைந்து பழக்கமில்லை. நாலைந்து தடவை எடுத்தும் கால் கேட்கவில்லை. வெளிச்சம் போகிறதென்று அப்படியே விட்டுவிட்டார்கள். சாத்தூரில் படம் பார்த்த என் மனைவி, "சாகப் போகையில செருப்பைக் கழத்தி வச்ச ரவுடிக நீகதான்" என்றாள். அன்றிலிருந்து ஊரில் எனக்குப் பேரே பாய்.

அப்போது நானும் சிரித்தேன். கான் பக்கத்தில் உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை. காய்ச்சலில் நான் கிடந்தபோது கஞ்சி வைத்துத் தந்த மனிதர், அவர் தொப்பியில் நான் குண்டு செய்வதைப் பார்க்கப் போகிறார். டிவியை அணைக்க எழுந்தேன். உட்காரச் சொன்னார்.

திரையில் வந்தேன். கான் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பூட்ஸ் வரிசை வந்ததும், "தொழப் போகிறார்களா?" என்று கேட்டார். அரைகுறை இந்தியில் மருந்து, உரசல், பொறி என்று விளக்கினேன். எது புரிந்ததோ, அதுவும் ஒரு தொழுகைதான் என்று தலையாட்டினார். அதற்குள் திரையில் நான் வெடித்துச் சிதறிவிட்டேன்.

"உங்கள் படத்தில் எங்கள் ஆள் ஒருவனாவது வீடு போய்ச் சேருவானா, சாமி?" என்றார்.

கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். மேலேறிப் படுத்துக்கொண்டார். மறுநாள் திருநீற்றுச் சம்படத்தைத் திறந்துவிட்டு, பூசாமல் நின்றேன். வெகுநேரம் கழித்துக் கண்ணாடி இறங்கியது.

"நேராகப் பூசு. மறுபடி யாராவது தொப்பி மாட்டிவிடப் போகிறார்கள்."

இதை அடுத்தவருக்குச் சொல்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். தொப்பிக்குள் இருந்தது யார் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஊரில் பாய், இங்கே சாமி. விடுமுறையில் போய்ப் படம் பார்த்தால், கதாநாயகனுக்கு எல்லோரும் விசிலடிக்கிறார்கள். தொப்பிக்காரன் வந்தால் நான் அவன் காலில் பூட்ஸ் இருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.