அப்பாவின் காலுக்குப் போடாத மருந்து

அந்தக் கண்ணாடிக் குப்பியில் இருந்த கூழ் ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் பல மாதங்கள் போராடி நான் செய்தது. சர்க்கரை மூலக்கூறுகளைச் சுமக்கும் பாலிமர் சங்கிலிகள் அதில் இருந்தன. ஆறாத புண்ணில் புதிய செல்கள் அந்தச் சர்க்கரையைப் பற்றிக்கொண்டு வளரும் என்று நம்பினோம். சங்கிலிகள் தாறுமாறாக நீளாமல் ஒரே அளவில் வளர, கந்தகம் உள்ள ஒரு பொருளைச் சேர்ப்போம். அந்த நிறம் அதனுடையது. உயிருள்ள செல்லுக்கு அது ஆகாது என்பதால் கடைசியில் முழுக்க நீக்கிவிட வேண்டும். இன்று எனக்கு அப்படி நீக்குவது கைவந்துவிட்டது. அன்று என்ன செய்தும் நிறம் போகவில்லை.

அப்போதுதான் அப்பாவின் காலில் திருக்கை மீனின் முள் குத்தியது. திருமலைராயன்பட்டினத்தில் விசைப்படகுக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஏற்கெனவே சர்க்கரை நோயாளி. புண் கறுத்துக் கணுக்காலுக்கு ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர்.

அப்பா என்னை அருகில் அழைத்தார். "சக்கரையில என்னமோ மருந்து செய்யிறேன்னியே, அதப் போட்டுப் பாரேம்மா."

குப்பி என் கைப்பையில்தான் இருந்தது. எதற்காக எடுத்து வந்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை, உயிருக்கே ஆபத்தாகலாம் என்றேன். அம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "பெத்த அப்பனுக்கு இல்லாத மருந்து யாருக்குடி?"

எப்படியும் போகப்போகிற கால், போட்டுப் பார்த்தால் என்ன என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் அப்பாவின் காலை எடுத்துவிட்டார்கள். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து அதே கூழைச் செல்களில் சோதித்தோம். நுண்ணோக்கியில் பார்த்தேன், எல்லாம் செத்துக் கிடந்தன. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி அருவருப்பாகவும் இருந்தது. நேரே வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். தேறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.



"அப்ப நெசமாவே உங்கிட்ட மருந்து இல்லையா?"

இல்லைப்பா என்றேன். அவர் வேட்டியை இழுத்து மிச்சமிருந்த காலை மூடிக்கொண்டார். மூடுவதற்குள் பார்த்துவிட்டேன், அந்தக் காலின் பெருவிரலும் கறுக்கத் தொடங்கியிருந்தது.