யார் வாசலில் டிரான்ஸ்பார்மர்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு அருகே, சிலமலை கிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள், படித்த, பண்பான, வசதியான மனிதர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் — ஒரு டிரான்ஸ்பார்மர்.

அது இன்னும் வரவே இல்லை. வரைபடத்தில் நான் பென்சிலால் போட்ட ஒரு சின்னக் கட்டம். அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், எழுதாத நேரங்களில் நான் போடியில் சிவில் இன்ஜினீயர். வீட்டு மனைகளாகப் பிரிக்கும் நிலங்களின் வரைபடத்தை வாங்கி, கரண்ட் கம்பம் எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே, சாக்கடை எந்தப் பக்கம் ஓடும் என்றெல்லாம் பார்த்துக் குறை சொல்வது என் தொழில். அதற்குக் கட்டணமும் உண்டு. வீட்டில் இலவசமாகக் கிடைப்பதை ஊரார் காசு கொடுத்து வாங்குகிறார்களே என்று என் கணவருக்குத் தீராத ஆச்சரியம்.

இந்த மனைப்பிரிவின் பெயர் ஏலவாசம் நகர். போடியிலிருந்து வரும் காற்றில் எப்போதாவது ஏலக்காய் மணந்தால் உண்டு. மற்றபடி அது மக்காச்சோளம் விளைந்த காடு. ஏலக்காய் வியாபாரத்தில் நாலு காசு பார்த்த தங்கப்பாண்டி அண்ணன் அதை வாங்கி, ரோடு போட்டு, கல் நட்டு, மனையாக்கியிருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் வெரசாக முடித்துவிட வேண்டும் அவருக்கு.

மனை வாங்குகிறவர்கள் பொதுவாக என்ன பார்ப்பார்கள்? திசை பார்ப்பார்கள். தண்ணீர் பார்ப்பார்கள். பக்கத்து மனைக்காரர் யார் என்று விசாரிப்பார்கள். பத்திரத்தில் ‘பாத்தியம்’ என்று ஒரு சொல் வருமே... அதை மட்டும் யாரும் படிப்பதில்லை. நிலம் உங்களுடையது, ஆனால் அதன் வழியாக நடக்கவோ, குழாய் பதிக்கவோ, மேலே கம்பி இழுக்கவோ இன்னொருவருக்கு உரிமை உண்டு என்பதுதான் அதன் அர்த்தம். உங்கள் வீட்டு டிவி ரிமோட் மாதிரி. வாங்கியது நீங்கள்... அதிகாரம் யாரிடம்?

கம்பி யார் மனைக்கு மேலே போகிறதோ, அவர் கையெழுத்து இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அண்ணனிடம் முன்பே சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வடையும் டீயும் வரவழைத்திருந்தார்.

முதலில் கட்டத்தை நடுத்தெரு முனையில் போட்டிருந்தேன். முனை மனைக்காரர் ரிட்டயர்டு வாத்தியார். டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் கதிர்வீச்சு பற்றி அவர் நிறைய சொன்னார். எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த விஞ்ஞானம். சரி என்று அழித்து, அடுத்த முனைக்கு நகர்த்தினேன். அங்கே ஜமால் பாய். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர். மிக மென்மையாகப் பேசுவார். தனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை, வீட்டம்மாவுக்குத்தான் அந்த ‘உய்ய்ய்’ சத்தம் ஆகாது என்றார். மூன்றாவது முனையில் ஜவுளிக்கடைக்காரர். அவருக்கு வாஸ்து. அக்னி மூலையில் அல்லவா மின்சாரம் இருக்க வேண்டும்?

எல்லோருக்கும் ஏசி வேண்டும். மோட்டார் வேண்டும். விளக்கில்லாத தெருவில் வீடு கட்டச் சம்மதிப்பார்களா? மாட்டார்கள். கரண்ட் வேண்டும், அது வந்து இறங்கும் இடம் மட்டும் அடுத்தவர் வாசலாக இருக்க வேண்டும்.

அழித்து அழித்து வரைபடத்தின் காகிதமே அங்கங்கே பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் வாத்தியார்தான் வழி சொன்னார். மேற்குக் கோடியில், ரோடு வளைகிற இடத்தில், முக்கோணமாக ஒரு துண்டு நிலம் மிஞ்சியிருந்தது. பிறகு யார் தலையிலாவது கட்டலாம் என்று அண்ணன் விட்டு வைத்திருந்த துண்டு. மெயின் லைனுக்கும் அதுதான் பக்கம். எல்லோரும் ஒரே குரலில் சரி என்றார்கள்.

சரி என்று சொல்ல வேண்டிய ஒருவர் மட்டும் அங்கே இல்லை.

முக்கோணத்துக்கு நேர் எதிர் மனை முருகேசனுடையது. ஜீப் டிரைவர். போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். அன்றைக்கும் ஒரு எஸ்டேட்டில் வேலை நடந்ததால் ஆள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவருடைய மனைதான் ஏலவாசம் நகரிலேயே சின்னது. உயர் அழுத்தக் கம்பி அதன் ஒரு மூலைக்கு மேலேதான் போக வேண்டும். அந்த மூலையில் எதுவும் கட்ட முடியாது.

கூட்டம் கலைந்ததும் அண்ணன் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். “முருகேசன் நம்ம பய, மேடம். நாஞ் சொன்னா எங்கன்னாலும் கையெழுத்துப் போட்டுருவான். நீங்க சோலியப் பாருங்க.”

பாதி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். நம்ம பய என்பதற்காக எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமல் போடலாமா? நானே நேரில் விளக்குகிறேன் என்று சொல்லி, மறுநாள் சாயங்காலம் முருகேசனையும் அவர் மனைவி செல்வியையும் மனைக்கு வரச் சொன்னேன்.

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஆனால் நான் வரைபடத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து, கட்டத்தின் மேல் விரலை வைத்ததுமே முருகேசனுக்குப் புரிந்துவிட்டது. குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“யாரும் வேணாங்கறத எல்லாம் எங்க வாசல்ல கொண்டாந்து வச்சிரலாம்... அப்படித்தானே மேடம்?”

பிடிக்காவிட்டால் கையெழுத்துப் போட வேண்டாம், நீங்கள் போடாமல் நானும் போட மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். மூலை வீணாகும் என்பதை மறைக்கவில்லை. சத்தம் வரும், பிள்ளைகள் கிட்டே போகக்கூடாது, கம்பிக்குக் கீழே மரம் வைக்கக்கூடாது... எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வரைபடத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

செல்வி, காலியாகக் கிடந்த முக்கோணத்தையும் அதற்குப் பின்னால் எழும்பி நின்ற மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அத அங்க வச்சிட்டா, அந்த எடத்துல பின்னாடி யாரும் வீடு கட்டலாமா?”

கூடாது என்றேன். லைன் போகிற பாதை முழுவதும் காலியாகத்தான் இருக்கும்.

“எப்பவுமே?”

லைன் இருக்கிற வரைக்கும்.

“அப்ப எங்களுக்கு எதிர்வீடே வராது?”

வராது.

செல்வி கணவர் பக்கம் திரும்பினார். “போடுங்க கையெழுத்த.”

முருகேசன் திகைத்துவிட்டார். நானும்தான்.

செல்வி பிறந்தது, வளர்ந்தது, கட்டிக்கொண்டு போனது எல்லாமே மலைமேல் எஸ்டேட் லயங்களில். வரிசையாக அறைகள்; எதிரே இன்னொரு வரிசை. நடுவில் இரண்டு பேர் உரசாமல் போக முடியாத சந்து. பிறந்த வீட்டில் எதிர்வாசல், புகுந்த வீட்டில் எதிர்வாசல். இப்போது போடியில் இருக்கும் வாடகை வீட்டிலும் எதிர்வாசல். கதவைத் திறந்தால் ஒரு முகம். அழுதால் தெரியும், சிரித்தால் தெரியும், சண்டை போட்டால் தீர்ப்பே வந்துவிடும்.

“எங்க வீட்டுல இன்னைக்கு என்ன கொழம்புன்னு எதிர்த்த வீட்டுச் சேச்சி சொல்லித்தேன் இவருக்கே தெரியும், அக்கா. கதவத் தெறந்தா ஆள் மொகம் தெரியாம மலை தெரியணும். ஒரு நாளாச்சும் அப்படி இருந்து பாக்கணும்.”

முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் இதைச் சொன்னதே இல்லையே என்று முணுமுணுத்தார். எங்கே சொல்வது, சொன்னால் எதிர்வீட்டுக்குக் கேட்குமே என்றார் செல்வி. அதற்கு நாங்கள் மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

ஆனால் சும்மா கையெழுத்துப் போட விடவில்லை நான். அவர்கள் மனைக்கு அடுத்தது இன்னும் விற்காத மனை. மூலையில் வீணாகிற இடத்துக்கு ஈடாக அந்த மனையிலிருந்து கொஞ்சம் அகலம் சேர்த்துக் கொடுக்க வேண்டும், டிரான்ஸ்பார்மரைச் சுற்றி நல்ல வேலி போட வேண்டும், வளைவில் ஒரு தெருவிளக்கு வைக்க வேண்டும் என்று அண்ணனிடம் கறாராகச் சொன்னேன். பெருமைக்காகச் சொல்லவில்லை... சரி, கொஞ்சம் பெருமைக்காகத்தான். அண்ணன் தலையைச் சொறிந்தார், பெருமூச்சு விட்டார், ஒப்புக்கொண்டார். திருத்திய வரைபடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

செல்விக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தன் வீட்டுக்கு எதிரே யாரும் வீடு கட்டவே முடியாது, வாசலில் நின்றால் மலை மொத்தமும் தெரியும், காற்றை யாரும் மறிக்க முடியாது என்று மார்க்கெட்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் வாத்தியாரிடமிருந்து போன். கதிர்வீச்சு பற்றி மறுபடி படித்துப் பார்த்தாராம். அப்படி ஒன்றும் ஆபத்து இல்லையாம். தன் மனைக்கு எதிரிலேயே வைத்தால் என்ன என்று கேட்டார். ஜமால் பாய் நேரிலேயே வந்தார். வீட்டம்மாவுக்கு அந்தச் சத்தம் பழகிவிடும் என்று தோன்றுகிறதாம். வந்தே இராத டிரான்ஸ்பார்மரின் சத்தம்! ஜவுளிக்கடைக்காரர் அண்ணனைப் பிடித்து, வாஸ்துவில் விதிவிலக்குகள் உண்டு என்று விளக்கியிருக்கிறார்.

“என்ன மேடம், இப்ப அத்தன பேரும் எனக்கு எனக்குங்கிறாங்க” என்று அண்ணன் நொந்துபோய்க் கேட்டார். கையெழுத்து ஆகிவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள் என்றேன். எவ்வளவு திருப்தியாக இருந்தது தெரியுமா?

நேற்று முருகேசன் வீட்டுக்கு அஸ்திவாரம் போட வானம் தோண்டினார்கள். போயிருந்தேன். வாசற்கால் எங்கே வரும் என்று முளையடித்த இடத்தில் செல்வி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை முருகேசன்தான் கவனித்துக்கொண்டிருந்தார். நானும் செல்வியைக் கூப்பிடவில்லை.

பொழுது சாய வீடு திரும்பி, பூட்டில் சாவியைப் போட்டேன். முதுகுக்குப் பின்னால், எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“என்ன மேடம், லேட்டு? சாப்பாடு அங்கேயே ஆச்சா? உங்க வீட்ல குக்கர் சத்தமே கேக்கலையே...”

எங்கள் தெருவிலும் ஒரு டிரான்ஸ்பார்மருக்கு மனுப் போடலாமா என்று பார்க்கிறேன்.