சும்மா படுத்தவள்

பூதலூர்ப் பக்கத்தில் குறுவை நடவு என்றால் ஆனந்தவல்லிதான் ஆள் சேர்ப்பாள். தெரியாத வயலானால் சேற்றில் முதலில் இறங்குகிறவளும் அவளே. அவள் கால் எவ்வளவு புதைகிறது என்று பார்த்துத்தான் மற்ற பெண்கள் இறங்குவார்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் செய்தாள். கணவர் பஞ்சநதத்துக்குக் கொஞ்ச நாளாக நெஞ்செரிச்சல். சிறுநீரகம் பலவீனமாக இருந்ததால் சாய ஊசி போட முடியாது. ஊசியில்லாமல், காந்தத்தாலேயே இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் பெரிய ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். குகை போன்ற அந்த மெஷினைப் பார்த்ததும் பஞ்சநதம் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

“இருங்க, நான் படுத்துப் பாத்துட்டு வந்து சொல்றேன்,” என்றாள்.

ஸ்கேன் எடுக்கும் ஷோபனாவுக்கும் அது தோதாக இருந்தது. மெஷின் புதிது என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத சிலரையும் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரைக் கேட்டு, ஆனந்தவல்லியின் சம்மதத்தையும் வாங்கிக்கொண்டாள். உள்ளே உலோகம் எதுவும் கூடாதாம். மூக்குத்தியைக் கழற்றச் சோப்பு நுரை தேவைப்பட்டது. தாலிக்குப் பதிலாக மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றைப் போட்டுக்கொண்டு படுத்தாள். மெஷின் அரிசி மில்லைப் போலத் தடதடத்தது. இதயம் ஓயாமல் அசைவதால், துடிப்பும் மூச்சும் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படம் சேருமாம்.

வெளியே வந்தவள் சிரித்தாள். “சத்தம் மட்டுந்தான். போங்க, தூங்கிடுவீங்க.”

அவரை யாரும் கூப்பிடவில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஷோபனா டாக்டரை அழைப்பதும், இருவரும் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் நிற்பதும் தெரிந்தது. பிறகு டாக்டர் வந்து, பஞ்சநதத்தைத் தாண்டி இவள் முன்னால் நின்றார். இதயத்தின் இடப்பக்கப் பெரிய ரத்தக்குழாய் தொடக்கத்திலேயே மிகவும் அடைபட்டிருக்கிறது, இன்றே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்றார்.

“அவரு இன்னும் உள்ளயே போகலையே, டாக்டர்.”

“உங்களுக்குத்தாம்மா சொல்றேன்.”

“நான் சும்மா படுத்தவதானே.”

வலியே வந்ததில்லையா என்று கேட்டார். இல்லை என்றாள். நடும்போது மட்டும் தாடையிலிருந்து இடது தோள் வரை இழுக்கும். வரப்பில் சற்று உட்கார்ந்தால் போய்விடும். குனிந்து நடுகிறவர்கள் எல்லாருக்கும் உள்ளதுதானே?

மற்றவர்களுக்கும் தாடையில் வலிக்குமா என்றார் டாக்டர்.

அவள் யோசித்தாள். இடுப்பு, முழங்கால், கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். நடவுப் பெண்கள் சொல்லிச் சலித்துக்கொள்வதெல்லாம் நினைவுக்கு வந்தது. தாடை என்று ஒருத்தியும் சொன்னதில்லை.

நாளைக் காலையில் நடவுக்கு ஆட்கள் வந்து நிற்பார்களே என்று எழுந்தாள். ஷோபனா தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். வார்டு வரைகூட நடக்கக் கூடாதாம். சக்கர நாற்காலி வந்தது.

“ரெத்தினத்துக்குப் போன் போட்டு, ஆளுங்கள அவளையே கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க,” என்றாள் கணவரிடம்.

அவர் போனைக் காதில் வைத்தார். கூட நடவுக்கு வரும் ரெத்தினம் மறுமுனையில் “சொல்லுங்கண்ணே, சொல்லுங்க” என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். ஆனந்தவல்லி கைநீட்டிப் போனை வாங்கினாள். “ரெத்தினம், நாளைக்கு வயல்ல நீயே மொதல்ல எறங்கு,” என்றாள்.