ரோட்டில் நின்ற மஞ்சள் கவுன்

எனக்கு ஏழு வயது நடக்கும்போது எங்கள் தெரு ரோட்டின் நடுவில் என்னைப் படுக்க வைத்துவிட்டார்கள். படமாகத்தான். ஆனாலும் பல மாதங்கள் என் மேல் வண்டிகள் ஏறிப் போய்க்கொண்டிருந்தன என்பதை யாரும் மறுக்க முடியாது.

எங்கள் வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்தது. தெருவுக்குள் நுழைந்ததும் ஒரு வளைவு. அதைத் தாண்டினால் எங்கள் வீட்டு வாசல்வரை நேரான சரிவு. மண் ரோடாக இருந்தவரை வண்டிகள் குலுங்கிக் குலுங்கி மரியாதையாகப் போய்வந்தன. தார் போட்ட மறுநாளே மரியாதை போய்விட்டது. பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வரும்போது பெரிய ரோட்டை அடைத்து வண்டிகளை எங்கள் பக்கம் திருப்பிவிடுவார்கள். குறுக்கு வழியைக் கண்டுகொண்ட டிரைவர்கள் அமாவாசைக்கும் அதே வழியில் வர ஆரம்பித்தார்கள். கோழிகள் செத்தன. பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டிக்குக் கால் போனது.

அப்பா வேங்கிக்காலில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தார். மனு எழுதுவதில் அவருக்கு நம்பிக்கை ஜாஸ்தி. வேகத்தடை கேட்டு, தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பினார். மேற்படி இடத்தில் உயிரிழப்பு ஏதும் நேர்ந்திருப்பின் விவரம் இணைக்கவும் என்று பதில் வந்தது. "இன்னும் ஒருத்தரும் சாவல, அதான் கொறைன்றான்" என்று சிரித்துக்கொண்டே அம்மாவிடம் படித்துக் காட்டினார். அம்மா சிரிக்கவில்லை. "வாயக் கழுவுங்க" என்றாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். சுவர் விளம்பரம் எழுதுகிறவர். தேர்தல் சமயத்தில் ஊருக்கே ராஜா, மற்ற நாட்களில் எங்கள் வீட்டுச் சோற்றுக்கு மட்டும் ராஜா. மாடி அறையில் ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்கு இருந்தார். தியானம் பண்ண வந்தவர்தான், ஆனால் பேச ஆள் கிடைத்தால் தியானத்தைத் தள்ளிவைத்துவிடுவார். மாமாவின் இங்கிலீஷும் அவருடைய தமிழும் மொட்டைமாடியில் சந்தித்துக்கொண்டதில் ஒரு யோசனை பிறந்தது. அவர்கள் ஊரில் வண்டிகள் மெதுவாகப் போக ரோட்டிலேயே படம் வரைவார்களாம். படத்தைத் தரையில் நீளவாக்கில் இழுத்து வரைந்தால், தூரத்திலிருந்து வண்டியில் வருகிறவனுக்கு அது எழுந்து நிற்குமாம்.

அம்மன் படம் போடலாம் என்றுதான் மாமா முதலில் சொன்னார். சுவரில் சாமி படம் இருந்தால் அங்கே ஒருவனும் ஒன்றுக்குப் போக மாட்டான் என்பது அவருடைய தொழில் அனுபவம். "சாமி மேல எவன் மாமா வண்டி ஏத்துவான்?" என்று அப்பாவிடம் கேட்டார். "ஏத்த மாட்டான். வண்டிய ஒடிச்சி நம்ம வூட்டுக்குள்ள வருவான்" என்றார் அப்பா. அப்படித்தான் அம்மன் போய், அம்மன் இடத்துக்கு நான் வந்தேன்.

அம்மா அன்றைக்கு ஒன்றும் தடை சொல்லவில்லை. அவளேதான் எனக்கு ரெட்டை ஜடை போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி, தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் கவுனை மாட்டிவிட்டாள். "கொஞ்சம் செவப்பா போடுடா" என்று தம்பியிடம் சிபாரிசும் செய்தாள். நான் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு வாசலில் கால் கடுக்க நின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டு வண்டியைக் குறுக்கே நிறுத்தித் தெருவை அடைத்துவிட்டு, மாமா ஆயில் பெயிண்டில் வரைந்து முடித்தார்.

கிட்டே போய்ப் பார்த்து அழுதுவிட்டேன். ஆளுயரத்துக்குக் கால்கள், அதற்கு மேல் நீண்டுகொண்டே போகும் கவுன், புடலங்காய் மாதிரி இழுபட்ட முகம். "இது நான் இல்ல" என்றேன். மாமா என்னை வளைவுக்குத் தூக்கிப் போய், தோளில் உட்காரவைத்துத் திருப்பினார்.

அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன்.

ரோட்டின் நடுவில், எங்கள் வீட்டுக்கு நேராக, கையைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஜடை, ரிப்பன் எல்லாம் சரியாக இருந்தன. காலடியில் நிழல்கூட இருந்தது. மாமா அதைச் சாயங்கால நிழலாகப் போட்டிருந்தார், அதனால் காலையிலும் மத்தியானத்திலும் அவளுக்கு மட்டும் சாயங்காலமாகவே இருந்தது. இறக்கிவிடச் சொல்லி மாமாவின் தலைமயிரைப் பிடித்து இழுத்தேன்.

முதலில் மாட்டியது பால் வேன் டிரைவர். பக்கத்துக் கிராமங்களில் கறந்த பாலைக் கேன்களில் ஏற்றிக்கொண்டு தினமும் சாயங்காலம் எங்கள் தெரு வழியாகப் போகிறவர். பிரேக் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. மனிதர் குதித்து இறங்கி, சக்கரங்களுக்கு அடியில் குனிந்து குனிந்து தேடினார். படம் என்று தெரிந்ததும் மாமாவின் பரம்பரையையே திட்டினார். பிறகு எங்கள் வாசல் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அம்மா என்னிடம் சொம்பைக் கொடுத்து அனுப்பினாள். என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்து சொம்பு விழுந்துவிட்டது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், கடைசியில் அவரும் சிரித்தார்.

வண்டிகள் நிஜமாகவே மெதுவாகின. தெருக்காரர்கள் மாமாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு மழையில் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்த ஒருவர் பெயிண்ட் மேல் வழுக்கி விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். அடுத்த தடவை பெயிண்டில் மணல் கலந்துவிடலாம் என்று மாமா அவருக்குச் சமாதானம் சொன்னார்.

பிறகு பௌர்ணமி வந்தது. கிரிவலம் போகும் ஜனங்களில் ஒரு பகுதி எங்கள் தெருவுக்குள் புகுந்து போவார்கள். மாமாவும் வெள்ளைக்காரரும் ஒன்றை யோசிக்க மறந்திருந்தார்கள். வண்டியில் வருகிறவனுக்குத்தான் அவள் நிற்பாள். கிட்டே நடந்து வருகிறவர்களுக்கு ரோட்டில் கிடப்பாள். விபத்து நடந்த இடத்தில் ஆள் கிடந்த மாதிரியே போலீஸ்காரர்கள் கோடு போட்டுவைப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். யாரோ ஓர் அம்மாள் தலையிலிருந்த பூவை எடுத்து அவள் மேல் வைத்தாள். பின்னால் வந்தவர்கள் குங்குமம் போட்டார்கள், கற்கண்டு வைத்தார்கள். ஒருவர் அவள் நெஞ்சில் கற்பூரம் ஏற்றினார்.

வேடிக்கை பார்க்க அம்மா வாசலுக்கு வந்தாள். நான் அவள் முந்தானைக்குப் பின்னால் நின்றேன். பூ வைத்த அம்மாள் எங்களிடம் வந்தாள்.

"உங்க வூட்டுக் கொழந்தைங்களா?"

"ஆமாங்க" என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

"எத்தினி வயசுங்க?"

"ஏழு."

அந்த அம்மாள் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "அழுவாத தாயி. அண்ணாமலையாரு கிட்ட போய்ட்டா. அவரு பாத்துக்குவாரு." அழவே அழாத அம்மாவிடம் அழாதே என்று ஏன் சொல்கிறாள் என்று நான் முந்தானையை விலக்கி எட்டிப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். "இது சின்னதுங்களா? அதே மொகம்" என்று என் தலையைத் தடவினாள். "இதையாச்சும் பத்திரமா பாத்துக்கோம்மா."

அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திய வேகத்தில் என் தோள்பட்டை வலித்தது. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அது படபடவென்று வெடித்து முடிந்தது. பிறகு அப்பாவிடம், "அத்த அழிச்சிடுங்க" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? போட்டதுலேர்ந்து ஒரு கோழி செத்துச்சா? படத்துக்குப் போயி பயப்படுறியே."

தெருவும் அப்பா பக்கம்தான். அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. தினமும் காலையில் வாசல் தெளித்த கையோடு ரோட்டுக்குப் போய், அவள் மேலிருந்த பூவையும் குங்குமத்தையும் கழுவிவிட்டு வருவாள். மறுபடியும் யாராவது வைத்துவிட்டுப் போவார்கள். அதில் கற்கண்டு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அம்மா வருவதற்குள் ஓடி, எனக்குப் படைத்ததை நானே எடுத்துத் தின்றேன். பள்ளிக்கூடத்தில், நான் செத்துப்போன பெண்ணின் தங்கை என்று ஒரு பேச்சு கிளம்பியது. இல்லை, செத்தது இவளேதான் என்று இன்னொரு கட்சியும் இருந்தது. இரண்டாவது கட்சிக்காரிகள் என்னிடம் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பதால் நானும் மறுக்கவில்லை.

டிரைவர்களுக்கு அவள் பழகிப்போனாள். முதலில் நிறுத்தினார்கள், பிறகு மெதுவாகப் போனார்கள், பிறகு ஹாரனை மட்டும் ஒரு தட்டு தட்டிவிட்டு அப்படியே ஏறிப் போனார்கள். வீட்டுக்குள் படுத்திருந்தாலும் எனக்குத் தெரியும். தாரில் ஒரு சத்தம், பெயிண்டில் ஒரு சத்தம். அந்தச் சத்தம் மாறுகிற இடத்தில் நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வண்டி போனதும் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்வேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. மாமாவோ டயர் கறை பட்ட இடங்களில் அவ்வப்போது புதுப் பெயிண்ட் பூசி, அவளை வாடாமல் வைத்திருந்தார்.

கார்த்திகை மாதம் மழை விடவே இல்லை. கொடியில் போட்ட துணி எதுவும் காயவில்லை. நான் ஈரத்தோடு தும்மிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அம்மா பெட்டியைத் திறந்தாள். அடியில் மஞ்சள் கவுன் இருந்தது. பௌர்ணமிக்குப் பிறகு அதை அவள் எனக்குப் போட்டதே இல்லை. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். வேறு வழியில்லாமல் போட்டுவிட்டாள். விளக்கேற்ற வேண்டும், எதிர்க் கடையில் தீப்பெட்டி வாங்கி வா என்றாள்.

தீப்பெட்டியைக் கவுனுக்குள் மறைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். தூறல் நின்றிருந்தது. ரோட்டின் நடுவில் அவள் நனைந்து பளபளவென்று கிடந்தாள். அவள் கால் இருக்கும் இடத்தில் என் காலை வைத்து நின்று பார்த்தேன். அப்போது வளைவில் பால் வேன் திரும்பியது.

நான் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவளுக்கே நின்ற வண்டி எனக்கு நிற்காதா? கையைத் தூக்கினேன். டிரைவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்தபடியே என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண்களை நான் பார்த்தேன். நன்றாக, முழுசாக, என் முகத்தைத்தான் பார்த்தார். பார்த்துக்கொண்டே வந்தார். வேகம் குறையவே இல்லை.

அம்மா அலறிய சத்தம் கேட்டது. கேட்டைத் தள்ளிக்கொண்டு அவள் ரோட்டில் ஓடிவந்தாள். படத்தில் அம்மா கிடையாது. அவளைப் பார்த்துத்தான் அவர் பிரேக் போட்டார். ஈரப் பெயிண்டில் சக்கரம் பிடிக்கவில்லை. வேன் அப்படியே பக்கவாட்டில் சறுக்கி, எங்களை உரசுகிற மாதிரி கடந்து, கரண்டுக் கம்பத்தில் மோதி நின்றது. கேன்கள் உருண்டன. அம்மாவின் வயிற்றில் முகம் புதைந்திருந்த எனக்குப் பால் வாசனை மட்டும் வந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தபோது பால் சரிவில் ஓடி, அவள் முகத்தை மூடிக்கொண்டிருந்தது.

டிரைவர் இறங்கி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "படம்னு நெனச்சேம்மா... தெனம் பாக்குற படந்தானேன்னு..." ஆட்கள் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவர் அடிக்கக் கையை ஓங்கினார்.

"அவர வுடுங்க" என்றாள் அம்மா. தெருவில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். "அவரு இன்னா பண்ணுவாரு? கொழந்த நின்னா ஏத்திக்கினு போன்னு நாமதான இத்தினி நாளா பழக்குனோம்?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சட்டையைப் பிடித்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

அன்றைக்கே அம்மா மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு ரோட்டில் மண்டியிட்டாள். மாமா கால் பக்கத்திலிருந்து தேய்த்தார். அம்மா முகத்திலிருந்து தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க விசும்பினாள். "என்ன ஏம்மா அழிக்கிற?" என்று நான் அழுதேன். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். முகம் முழுசாகப் போகவில்லை. மறுநாள் மாமா அதன் மேல் தார் ஊற்றினார்.

மற்ற வண்டிகள் பழையபடி பறந்தன. பால் வேன் மட்டும் அந்தக் கறுப்புத் திட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிடும். ரோடு காலியாக இருக்கும், டிரைவர் அப்படியும் இறங்குவார். தரையைக் குனிந்து பார்ப்பார். நான் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தால் என்னிடம் வருவார். ஒரு விரலால் என் கன்னத்தைத் தொடுவார், கொஞ்சம் அழுத்திப் பார்ப்பார். பிறகுதான் போய் வண்டியை எடுப்பார். தினமும் அப்படித்தான். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கோ உள்ளூரப் பெருமையாக இருக்கும். அவருக்குக் குழந்தைகள் என்றால் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.